உளுத்த கொம்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பை எந்த ஆங்கிலத் துறையிலும் யாரும் விரும்பி வாங்குவதில்லை. எனக்குப் பதினோரு வருடமாக அதுதான் வாய்த்திருக்கிறது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு, பதினாறாம் நூற்றாண்டுக் கவிதை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடும்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வரைக்கும் கவலையில்லை. 1327 ஏப்ரல் 6 அன்று அவிஞ்ஞோன் நகரத் தேவாலயம் ஒன்றில் லாராவைப் பார்த்தேன் என்று எழுதி வைத்துவிட்டு, அவள் இறந்த பிறகும் உருகிக்கொண்டிருந்தவர். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆசையை அறிவால் வெல்லச் சொன்ன ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸ்தான் கஷ்டம். குழந்தையை முத்தமிடும்போது, சாகப்போகிற ஒன்றைத்தான் முத்தமிடுகிறாய் என்று உனக்குள் சொல்லிக்கொள் என்பார். அதைச் சொன்னதும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பெண் “ச்சே” என்பாள்.

இரண்டும் சந்திக்கும் இடம் தாமஸ் வயட். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்தவர், பெட்ரார்க்கின் சானட் என்னும் பதினான்கு வரிக் கவிதை வடிவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ஒரு சானட் காதலுக்கே விடை கொடுக்கிறது: உன் தூண்டில் இனி என்னைப் பிடிக்காது, தத்துவஞானிகள் செனகாவும் பிளேட்டோவும் என்னைக் கூப்பிடுகிறார்கள், போய் இளசுகளைப் படுத்து. கடைசி வரியில், உளுத்த கொம்பில் ஏற இனி எனக்கு ஆசையில்லை (‘மீ லஸ்டெத் நோ லாங்கர்’) என்கிறார். நான் பலகையில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆசை, வலப்பக்கம் அறிவு என்று எழுதி, அறிவு ஜெயித்தது என்று முடிப்பேன். பத்து வருடம் அப்படியே ஓடியது.

போன வருடம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “மேம், ‘மீ லஸ்டெத்’துன்னா அதுல லஸ்ட் இருக்கே? ஆசையை விட்டுட்டேன்னு சொல்ல ஆசைங்கற வார்த்தையையே ஏன் போடுறார்?”

அது பழைய வழக்கு, ‘எனக்கு இஷ்டமில்லை’ என்பது போலத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்னது சரிதான். ஆனால் பஸ்ஸில் வரும்போது அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டோயிக்குகளுக்கு ஆசை என்பது தப்பான கணிப்பு. நம் கையில் இல்லாததை நல்லது என்று நம்பிவிடுவது. அந்தக் கொம்பின் பழமே வேண்டியதில்லை என்றுதான் ஸ்டோயிக்கான செனகா சொல்லியிருப்பார். வயட் பழத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொம்பு உளுத்திருக்கிறது, அவ்வளவுதான். உறுதியான கொம்பாக இருந்தால்? இது ஏறி விழுந்தவனின் அலுப்பு, ஞானமில்லை என்று எனக்குப் பட்டது.

அடுத்த வகுப்பில் அதைச் சொன்னேன். ‘வேண்டாமை வேண்ட வரும்’ என்று ஒருத்தி குறளை எடுத்துப் போட்டாள். பொருத்தம்தான், ஆனால் வள்ளுவர் அடிபட்டுச் சொன்ன தொனியில் சொல்லவில்லை. அப்புறம் வயட்டின் கதைக்குப் போனோம். 1536-இல் ஹென்றியின் ராணி ஆன் பொலின் தலை வெட்டப்பட்டபோது அவரும் லண்டன் கோபுரத்தில் கைதி. மறு வருடம் வெளிநாட்டுக்குத் தூதராகப் போன இடத்திலிருந்து மகனுக்கு எழுதிய கடிதங்களில் செனகாவையும் எபிக்டெட்டஸையும் படிக்கச் சொல்கிறார். பிரிந்துபோன மனைவியைப் பற்றியும் அவற்றில் ஒரு வரி உண்டு: தப்பு உன் அம்மா மேலும் என் மேலும்தான், ஆனால் பெரும்பாலும் அவள் மேல்.

வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்ச் பையன் மட்டும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டான்:

“அப்போ அவர் எபிக்டெட்டஸைப் படிச்சாரா, மகனுக்கு மட்டும்தான் சொன்னாரா மேம்?”