நீல டிராகன்

இன்று காலை பெசன்ட் நகர் கடற்கரை. ஈரமணலில் சுண்டுவிரல் நகமளவு ஒரு நீலம்.

குனிந்து பார்த்தேன். வெள்ளிக் கோடு ஓடும் உடல். இரண்டு பக்கமும் விரல் விரலாகப் பிரிந்து, நுனிக்குப் போகப் போக ஊசியாய் மெலிந்து கருநீலமாகிறது. அலை வந்து தொட்டதும் ஒரே ஒரு விரல் மட்டும் மெல்ல மடங்கியது.

நீல டிராகன்! ஓடில்லாத கடல் நத்தை. முழுசாக வளர்ந்தாலே சுமார் 3 செ.மீ. தான்.

இந்தக் கூட்டத்துக்கு நியூடிபிராங்க் என்று பெயர். லத்தீனில் 'நூடுஸ்' என்றால் நிர்வாணம், கிரேக்கத்தில் 'பிராங்கியா' என்றால் செவுள். இதன் உறவுகள் பலவற்றுக்குச் செவுள் முதுகின் மேலேயே பூங்கொத்துபோல விரிந்து நிற்கும்.

இது வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டு மல்லாந்து மிதக்கிறது. நாம் பார்க்கிற நீலம் அதன் அடிப்பக்கம்! மேலே பறக்கும் பறவைக்கு அது கடலோடு கலந்துவிடும். வெள்ளிச் சாம்பல் முதுகு, கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்து வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

சாப்பாடு? 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என்று பேர் வாங்கிய, ஜெல்லிமீன் மாதிரி இருக்கும் கொடிய உயிரி. அதன் கொட்டும் செல்களை ஜீரணிக்காமல் தன் விரல் நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஓட்டை உதறிவிட்ட ஓர் உயிர் பிழைக்க எத்தனை வழி தேடியிருக்கிறது! அதில் ஒன்று இவ்வளவு அழகாக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள், பார்த்தால் கண்ணால் மட்டும் ரசியுங்கள். கரையில் கிடந்தாலும் கொட்டும்.