எஸ்ஸர் பணத்தைக் கரை சேர்த்த கதை

கடைசித் தொகை ஒருவழியாக வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. அமெரிக்க மத்திய அரசின் கோவிட் அவசர நிதியிலிருந்து எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு வரவேண்டியிருந்த பாக்கி அது. மத்திய மேற்குப் பகுதியில், நடுத்தர அளவுள்ள ஒரு மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் கிராண்ட் பணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே இருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் வீடு வாங்கும்போது ரேட்டிங் பார்ப்பதோடு சரி. உள்ளே காசு எப்படி நகர்கிறது, எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதை இதே மாதிரி வேலையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எஸ்ஸர் என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நிதி மூன்று சட்டங்களில் வந்தது. 2020 மார்ச்சில் சுமார் 13 பில்லியன் டாலர், அதே ஆண்டு டிசம்பரில் 54 பில்லியன், 2021 மார்ச்சில் 122 பில்லியன். ஒவ்வொரு மாவட்டத்தின் பங்கும் டைட்டில் 1 என்ற மத்திய அரசுப் பள்ளி உதவி நிதியின் கணக்குப்படி, அதாவது ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள இடத்துக்கு அதிகம். விண்ணப்பம், போர்டு ஒப்புதல், பள்ளி திறப்புத் திட்டத்தை இணையத்தில் போட்டு மக்கள் கருத்துக் கேட்பது எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஃபுட்பால் கோச் எழுந்து செயற்கைப் புல் மைதானம் கேட்டார். வெளிக்காற்று கோவிடுக்கு நல்லதுதானே என்றார். எல்லோரும் சிரித்தோம். வேறு சில மாவட்டங்களில் அது நிஜமாகவே நடந்தது என்று பிற்பாடு செய்தியில் படித்தபோது, அவரிடம் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாமோ என்று தோன்றியது.

எதற்குச் செலவழிக்கலாம் என்பதில் சட்டம் ரொம்பத் தாராளம். நர்ஸ், கவுன்சிலர், லேப்டாப், கோடைப் பள்ளி, கட்டடத்தின் காற்றோட்டம் எல்லாமே செல்லும். 2020 மார்ச் 13 வரை பின்னோக்கிப் போய், அன்று முதல் செய்த செலவைக்கூடக் காட்டலாம். மூன்றாவது தவணையில் மட்டும் குறைந்தது 20 சதவீதத்தைக் கற்றல் இழப்பை ஈடுகட்ட ஒதுக்க வேண்டும், அதுவும் பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்த வழிகளில். இந்தத் தாராளத்தைப் பார்த்து அசந்துவிடக் கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி எங்கள் மாநிலக் கல்வித் துறையின் போர்ட்டலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

பணம் கைக்கு வராது, முதலில் நாம் செலவழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். பள்ளியின் பொது நிதியிலிருந்து கொடுத்து, ரசீதை போர்ட்டலில் ஏற்றி, மாநிலத்தின் ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் திரும்பி வரும். "கோடிக்கணக்கில் வந்திருக்கிறதாமே" என்று பெற்றோர் கேட்கும்போது, வந்திருப்பது ஒரு கடிதம்தான் என்று புரியவைப்பதே பெரும்பாடு.

முதல் மோதல் ஒரு படிவத்தில் வந்தது. ஏற்கனவே உள்ளூர் பணத்தில் நடக்கும் வேலையை மத்திய பணத்துக்கு மாற்றவில்லை என்று உறுதிமொழி தரச் சொன்னார் ஆய்வாளர். டைட்டில் 1 நிதியில் அது வழக்கம். எஸ்ஸரில் அந்த விதியே கிடையாது. சொன்னால் கேட்கவில்லை. மத்திய கல்வித் துறை 2021 மே மாதம் வெளியிட்ட கேள்வி-பதில் தொகுப்பில் அது தெளிவாக இருந்தது. பக்கத்தைப் படமெடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் பூசி அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் போர்ட்டலில் எங்கள் விண்ணப்பத்தின் மேல் இருந்த சிவப்புக் குறி காணாமல் போயிருந்தது. இந்த வேலையில் வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது தலைவலியை எங்கள் பிரின்சிபால்களே கொண்டுவந்தார்கள். அந்த 20 சதவீதத்தில் வாசிப்புக்கும் கணக்குக்கும் தனி ஆசிரியர்கள் போட்டிருந்தோம். 2022 குளிர்காலத்தில் ஆசிரியர்களுக்குக் கோவிட் வந்து வந்து போனது, மாற்று ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. இருக்கும் ஆளைத்தானே அனுப்ப முடியும்? தனிப் பயிற்சி ஆசிரியர் பாதி வாரம் வேறு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்சிபாலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சம்பளத்தை மத்திய பணத்தில் கொடுத்தால், அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதற்குப் பதிவு வேண்டும். மாற்று ஆசிரியர் செலவை எஸ்ஸரில் காட்ட இடம் உண்டு, ஆனால் அந்த 20 சதவீதத்துக்குள் காட்ட முடியாது. ஆகவே மணிக்கணக்கைப் பிரித்து வேறு வரியில் போட வேண்டியிருந்தது. இந்த வேலைப் பதிவை மாதம் முடிந்ததும் ஆசிரியரிடம் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, "பிப்ரவரி இரண்டாவது வாரம் எங்கே இருந்தீர்கள்?" என்று ஓர் ஆசிரியரிடம் கேட்டால் கிடைப்பது முறைப்பு மட்டும்தான்.

சரி, ஏசி கதைக்கு வருகிறேன். என் தலைமுடி நரைத்தது இதில்தான்.

எங்கள் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் வகுப்புக்கு ஒரு காற்றுப்பெட்டி, ஜன்னலுக்குக் கீழே. மெர்வ் 13 என்ற, நுண்துகளையும் பிடிக்கும் அடர்த்தியான ஃபில்டர் போடுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொன்ன காலம். போட்டுப் பார்த்தால் அந்தப் பழைய விசிறியால் காற்றை இழுக்கவே முடியவில்லை. மொத்தமாக மாற்றி, கூரை மேல் புது மெஷின் வைப்பது என்று முடிவானது. தனி ஒரு பொருள் 5,000 டாலரைத் தாண்டினால் மாநிலத்தின் முன் ஒப்புதல் வேண்டும் (இப்போது அந்த வரம்பு 10,000). அது சுலபமாகக் கிடைத்தது. டெண்டரும் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் ஆரம்பித்தது டேவிஸ்-பேகன் என்ற கூலிச் சட்டம். மத்திய பணத்தில் 2,000 டாலருக்கு மேல் கட்டட வேலை என்றால், அந்த வட்டாரத்துக்கு அரசு நிர்ணயித்த கூலியைத் தர வேண்டும், தந்ததற்கு வாராவாரம் கூலிப் பட்டியல் தர வேண்டும். டபிள்யூ.எச்.-347 என்ற படிவம். முன்பக்கம் ஆள் பெயர், வேலை வகை, மணிநேரம், கூலி. பின்பக்கம் உறுதிமொழியும் கையெழுத்தும். எங்கள் ஒப்பந்தக்காரர் பெரிய ஆள், அவர் பட்டியல் ஒழுங்காக வந்தது. அவருக்குக் கீழே வேலை எடுத்த எலக்ட்ரீஷியன் கம்பெனி முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தது. கையெழுத்து இல்லாத பட்டியல் வெறும் காகிதம். செலவைத் திரும்பக் கேட்ட எங்கள் கோரிக்கை மொத்தத்தையும் ஆய்வாளர் நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். அந்தக் கம்பெனியின் ஆஃபீஸ் அம்மாவிடம் போனில் பேசினேன். "பின்பக்கம் ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார்.

அதற்குள் அடுத்த கேள்வி: நடுவில் சில வாரங்களுக்குப் பட்டியலே இல்லையே? மெஷின் வராததால் அந்த வாரங்களில் யாருமே வேலைக்கு வரவில்லை. படிவத்தில் வரிசை எண் போட ஓர் இடம் உண்டு. முதல் வாரத்திலிருந்து எண்ணைத் தொடர்ச்சியாகப் போடச் சொல்லிவிட்டால், விட்டுப்போன வாரம் வேலையில்லாத வாரம் என்று தானாகத் தெரியும். எங்கள் எலக்ட்ரீஷியன் எல்லாத் தாளிலும் 1 என்று போட்டிருந்தார்.

ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கூலிப் பட்டியல் இரண்டு பக்கமும் வந்தால்தான் இன்வாய்ஸ் பாஸ் ஆகும். பணத்தைப் பிடித்து வைத்தால் காகிதம் தானாக வரும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கெஞ்சிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெளிவுபெறலாம் என்று மாநிலத் தலைநகரில் நடந்த உதவி முகாமுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். காலை இருட்டில் கிளம்பி, பனியில் ஓட்டிக்கொண்டு. கட்டட வேலை பற்றிப் பதில் சொல்லக்கூடியவர் அன்று லீவு. மற்றவர்கள் போர்ட்டலில் லாகின் செய்வது எப்படி என்று ஸ்லைடு காட்டினார்கள். காபி நன்றாக இருந்தது.

தேதிதான் இந்த நிதியின் உயிர்நாடி. மூன்றாவது தவணைக்கு 2024 செப்டம்பர் 30 கெடு. அதற்குள் பணத்தைக் கொடுத்து முடிக்க வேண்டியதில்லை, ஆனால் இன்னாருக்கு இன்ன வேலைக்கு என்று எழுத்தில் கட்டுப்பட்டிருக்க வேண்டும். வெளி ஒப்பந்தக்காரர் என்றால் ஒப்பந்தம் கையெழுத்தான நாளே கணக்கு. நம் சொந்த ஊழியர் என்றால் அவர் வேலை செய்த நாள்தான் கணக்கு. அதனால் செப்டம்பரில் ஆசிரியருக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு இந்தப் பணத்தில் சம்பளம் தருவோம் என்று நினைத்தவர்களுக்கு அக்டோபரில் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து மாவட்டங்களில் இதனால் கவுன்சிலர்கள் வேலை இழந்தார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கூரை மெஷினுக்குக் காத்திருக்கும் பணம் பிள்ளையோடு பேசும் ஆளுக்குக் காத்திருக்காது.

எங்கள் ஏசி ஒப்பந்தம் 2024 ஏப்ரலில் கையெழுத்தானது. கெடுவுக்கு வெகு முன்னால். நவம்பரில் மின்பலகை போதவில்லை என்று ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதை எங்கள் கணக்கு மென்பொருளில் ஏற்றியதும், பர்ச்சேஸ் ஆர்டர் மொத்தமும் நவம்பர் தேதியில் புதிதாக அச்சாகிவிட்டது. அந்த மென்பொருள் அப்படித்தான், திருத்திய தேதியை மேலே போட்டுப் பழைய தேதியை விழுங்கிவிடும். ஆய்வாளர் பார்த்தது அந்த ஒரு பக்கத்தை. "கெடுவுக்குப் பிந்திய செலவு" என்று நிராகரித்துவிட்டார்.

காப்பாற்றியது போர்டு கூட்டக் குறிப்பு. ஏப்ரல் கூட்டத்தின் குறிப்பில் ஒப்பந்தக்காரர் பெயர், தொகை, நிதி எங்கிருந்து என்ற வரி மூன்றும் இருந்தன. இரு தரப்புக் கையெழுத்தும் தேதியும் உள்ள ஒப்பந்தப் பக்கத்தையும் சேர்த்து ஏற்றினேன். மின்பலகைக்கான கூடுதல் தொகையை மட்டும் உள்ளூர் பணத்தில் போட்டோம். வாதாடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் சின்னத் தொகைக்காகப் பெரிய தொகையை மாதக்கணக்கில் தொங்கவிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

மெஷின்கள் வரத் தாமதம். கொடுத்து முடிக்க வேண்டிய கடைசி நாள் 2025 ஜனவரி 28. அதைத் தாண்டிவிடும் என்று முன்பே தெரிந்ததால் நீட்டிப்புக்கு மாநிலம் வழியாக விண்ணப்பித்து, 2026 மார்ச் வரை அனுமதியும் வாங்கியாயிற்று. நிம்மதியாக இருந்தோம்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மத்தியக் கல்விச் செயலர் லிண்டா மெக்மேன் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கொடுத்த நீட்டிப்பு எல்லாம் ரத்து, அன்று மாலை 5 மணியோடு காலம் முடிந்தது. கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது அந்த 5 மணி கடந்துபோயிருந்தது. மெஷின்கள் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டன, இன்வாய்ஸ் என் மேஜையில். ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை எங்கள் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் கேட்ட முதல் கேள்வி, கோடைப் பள்ளியை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பது.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக மறுபரிசீலனை கேட்கலாம் என்று கடிதத்தில் ஒரு வழி விட்டிருந்தார்கள். கோவிடால் பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பாதிப்பை இந்த வேலை எப்படிக் குறைக்கிறது என்று விளக்க வேண்டும். கூரை மேல் இருக்கும் இரும்புப் பெட்டிக்கும் நான்காம் வகுப்புக் கணக்குக்கும் என்ன உறவு என்று எழுதிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். எழுதினோம். இதற்கிடையில் சில மாநிலங்கள் நியூயார்க் மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. மே மாதம் நீதிபதி தடை விதித்தார், ஆனால் வழக்குப் போட்ட மாநிலங்களுக்கு மட்டும். எங்கள் மாநிலம் அதில் இல்லை. பக்கத்து மாநிலத்துக்குப் பணம் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூன் இறுதியில் மத்தியக் கல்வித் துறை இறங்கி வந்து, எல்லா மாநிலங்களின் கோரிக்கைகளையும் மறுபடி பார்ப்பதாகச் சொன்னது.

அன்றைக்கே கோப்பு முழுவதையும் ஏற்றினேன். ஏற்ற முடிந்ததற்குக் காரணம், காத்திருந்த மாதங்களில் எல்லாவற்றையும் பள்ளிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததுதான். இரண்டு பள்ளி வேலையை ஒரே இன்வாய்ஸில் வாங்காதீர்கள், ஒன்று தடைபட்டால் இரண்டும் தடைபடும். மத்திய பணத்தில் வேலை தரக் கூடாதவர்களின் தடைப்பட்டியலில் ஒப்பந்தக்காரர் இல்லை என்று மத்திய அரசின் சாம் டாட் கவ் தளத்தில் பார்த்ததற்கு, ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய தேதியோடு ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். இன்று பார்த்து "அன்றும் இல்லை" என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் கெடுவை நம்பி இருக்காதீர்கள், மாநிலம் தன் வேலைக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு முன்னதாகவே ஒரு கெடு வைக்கும், அதுதான் உங்கள் கெடு.

இனி ஆடிட். கடைசிச் செலவு அறிக்கை கொடுத்து மூன்று வருடம் வரை காகிதங்களை வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கதை அதைவிட நீளம்: விற்றோ தூக்கிப்போட்டோ மூன்று வருடம் ஆகும்வரை பதிவு இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். போன வாரம் பராமரிப்புப் பிரிவு ஆளோடு கூரை மேல் ஏறி ஒவ்வொரு மெஷினிலும் டேக் ஒட்டிவிட்டு வந்தேன். வெயிலில் உரியாத ஸ்டிக்கராகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்கர் ஒரு கோடைக்குத் தாங்காது என்று அவர் சொன்னார், அவர் பேச்சைக் கேட்டு உலோகத் தகட்டில் எண் அடித்து வாங்கினோம். அந்தச் செலவு மட்டும் உள்ளூர் பணத்தில்.