அம்மாயிக்குப் பிடித்த வில்லன்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, தறிக்கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. பழைய படம் ஏதேனும் ஓடத் தொடங்கினால் தாத்தா தறிக்குழியை விட்டு எழாமலேயே தலையைத் திருப்பிக்கொள்வார். அம்மாயி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து தூணில் சாய்ந்து உட்காருவார். வீட்டிலிருந்த மற்றவர்கள் கதாநாயகன் எப்போது வருவான் என்று காத்திருக்க, அவர் மட்டும் வில்லனுக்காகக் காத்திருப்பார். "நல்லவன் எப்படியும் ஜெயிச்சுப்போடுவான், அவனப் பாக்கறதுக்கு என்ன கெடக்குது? இவன் என்ன பண்றான்னு பாரு கண்ணு" என்பார். அந்தப் பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை ஒரு படமோ தொடரோ எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதை, அதில் வேடம் போட்டுக்கொண்டு நடமாடும் ஆள் எப்படி எழுதப்பட்டிருக்கிறான் என்பதை வைத்தே முடிவு செய்கிறேன்.

இப்படி ஒரு ரசனை சேலத்துக்காரனுக்கு அமைந்ததில் வியப்பில்லை. ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் நிறுவியது. 1937இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்தப் படப்பிடிப்புத் தளத்தைப் பற்றிப் பேசுபவர்கள், முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்து வந்ததையும், முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்து வந்ததையும் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஒரு ரசிகனாக என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் படங்களிடம் இழுப்பது 'முதல்' என்ற பட்டம் அன்று. இரட்டைப் பிறவி, மாறுவேடம், பகலில் ஒரு முகமும் இரவில் ஒரு முகமும் கொண்ட மனிதர்கள், துப்பறிவாளர்கள் எனத் தன்னை மறைத்துக்கொள்ளும் ஆளைக் காட்டுவதில் சேலத்துப் படங்களுக்கு இருந்த தேர்ச்சியே காரணம்.

அவற்றுள் எனக்குத் தலையானது 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கிய இந்தப் படத்தை மு. கருணாநிதியின் வசனத்துக்காக ஒரு சாராரும் எம்.ஜி.ஆருக்காக இன்னொரு சாராரும் கொண்டாடுகிறார்கள். எம்.ஜி.ஆர் தளபதி வீரமோகனாக வருகிறார். வாள் வீசுகிறார், நேர்மையாக நிற்கிறார், அவ்வளவுதான். படம் உண்மையில் யாருடையது என்று கேட்டால், இராஜகுருவின் மகன் பார்த்திபனாக நடித்த எஸ். ஏ. நடராஜனுடையது என்றே சொல்வேன். தளபதிப் பதவி தனக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் அவன் கொள்ளைக்காரனாகிறான்; அரண்மனைக்குள் இராஜகுருவின் பிள்ளை என்ற மரியாதையோடு உலவிக்கொண்டே வெளியே ஊரைச் சூறையாடுகிறான். கொள்ளையடிப்பதை ஒரு கலை என்று வாதாடிவிட்டு, நடராஜன் தலையைச் சற்றே சாய்த்துச் சிரிக்கும்போது, ஒரு கணம் நமக்கும் அது சரிதானே என்று தோன்றிவிடுகிறது. அந்த ஒரு கணம்தான் நல்ல வில்லனுக்கு அடையாளம். நாம் வெறுக்கும்படி நடிப்பவர்கள் பலர். நாம் வெறுக்க மறந்துபோகும்படி நடிப்பவர்கள் மிகச் சிலர்.

இந்தப் படத்தில் யார் கள்வன் என்பது பார்ப்பவர்களுக்கு மர்மமே அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். அரசனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். திரையிலிருப்பவர்களைவிட நமக்கு அதிகம் தெரிந்திருப்பதால் பிறக்கும் தவிப்பை அந்தத் திரைக்கதை கடைசிவரை செலவழிக்காமல் சேர்த்து வைத்து, மலையுச்சிக் காட்சியில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துபோய்ச் சில பாடல்களே எஞ்சியிருந்தாலும், அதன் கதை நமக்குத் தெரியும்: காதலித்து மணந்த கள்வனே தன்னைக் கொல்ல மலைக்கு அழைத்துச் செல்லும்போது, சாகுமுன் உன்னை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போதே அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள் மனைவி. அதே நிகழ்ச்சிதான் படத்தில் மந்திரியின் மகள் அமுதவல்லிக்கு நேர்கிறது; மாதுரி தேவி அந்த வேடத்தில் நடித்தார்.

அந்தக் காட்சிக்கு முன்பாக வரும் 'வாராய் நீ வாராய்' பாடலைத் தமிழ்த் திரையின் மிகக் கொடூரமான பாடல் என்று நான் சொல்லும்போது நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஜி. ராமநாதனின் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாடலை, படம் பார்க்காமல் வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கு அது நிலவொளியில் உலாவப் போகும் ஒரு தம்பதியின் இனிமையான அழைப்பு. படம் பார்த்தவர்களுக்கோ, கொலைக்களத்துக்குக் கூட்டிச் செல்லும் கூப்பிடு குரல். ஒரு சொல்லிலோ சுரத்திலோ அச்சம் காட்டாமல் இசையையே வேடம் போட வைத்திருக்கிறார்கள். இன்றைய படங்களில் இத்தகைய காட்சி வந்தால் பின்னணியில் முரசும் வயலினும் அலறி, இவன் கொல்லப்போகிறான் என்று நம் காதைப் பிடித்துத் திருகிச் சொல்லிவிடும்.

அந்தப் படத்தில் பார்த்திபனுக்குத் தந்தையான இராஜகுருவாக நடித்த எம். என். நம்பியாருக்கு அப்போது வயது 31தான். அதே 1950இல், வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவலைத் தழுவி இதே நிறுவனம் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவரே கதாநாயகனாகி, குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க 11 வேடங்கள் போட்டார். பின்னாளில் கண்ணை உருட்டிக் கையைப் பிசையும் வில்லனாகவே நாம் அறிந்துகொண்ட ஒருவர், ஆளுக்கொரு நடையும் குரலுமாக மாறி மாறி வருவதைப் பார்க்கையில், தமிழ்த் திரை அவரிடமிருந்து எவ்வளவு குறைவாக வாங்கிக்கொண்டது என்ற ஏக்கம் வருகிறது. நேர்மையாகச் சொல்வதானால் படம் முழுவதும் ஒரே சீராக இல்லை. நடுவில் சில இடங்களில் நானே கண்ணயர்ந்திருக்கிறேன். இருந்தும் நம்பியாரைப் பிடித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பேன். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த தளம் அது. அரண்மனைச் சதிகாரராக இருந்தவரே மற்றொரு படத்தில் துப்பறிபவராகவும், மந்திரி மகளாக இருந்த மாதுரி தேவியே அதே ஆண்டு பாரதிதாசனின் காவியத்தைத் தழுவிய 'பொன்முடி'யின் நாயகியாகவும் வந்தார்கள். ஒரே முகத்தை அடுத்தடுத்த படங்களில் வேறு ஆளாக நம்ப வைக்க வேண்டிய கட்டாயமே அந்த நிறுவனத்துக்கு வேடக்கலையில் கையைப் பழக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

(யானைகள்கூடத் தப்பவில்லை. 1952இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்துக்காக, நம் யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி, என்றோ அழிந்துபோன மாமத்துகளாக நிறுத்தினார்கள்.)

1940இலேயே பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்து 'உத்தம புத்திரன்' எடுத்ததும் இவர்கள்தான். ஊர்ப் பாசம் ஒருபுறம் இருக்க, அதே பெயரில் 1958இல் வேறு நிறுவனம் எடுத்த படத்தில் சிவாஜி கணேசன் செய்த இரட்டையர்களே என் மனத்தில் நிற்கிறார்கள். குடித்துக் கூத்தடிக்கும் விக்கிரமனாக அவர் நடக்கும் நடை ஒன்றுக்காகவே நான் கட்சி மாறிவிட்டேன்.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' பற்றி நான் சொல்லப்போவது சிலருக்குக் கோபமூட்டலாம். கேவா கலரில் வந்த அந்தப் படம், 1956 பொங்கலுக்குப் பார்த்தவர்களுக்குக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பானுமதி வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் எவராக இருந்தாலும் சிறியவராகிவிடுகிறார், பி. எஸ். வீரப்பா சிரித்தால் குகையே சிரிக்கிறது. ஆயினும் வண்ணம் வந்ததும் படத்துக்கு ஒளிந்துகொள்ள நிழல் இல்லாமல் போய்விட்டதோ என்று எனக்குத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் நடராஜனின் முகத்தில் பாதி இருட்டிலேயே கிடக்கும். அலிபாபாவில் திருடர்கள்கூடத் திருவிழாவுக்குப் புறப்பட்டவர்கள் போல இருக்கிறார்கள். எண்ணெய் வியாபாரியாக வேடமிட்டுத் தலைவன் விருந்துக்கு வரும் பகுதியில் மட்டும் பழைய சேலம் திரும்பி வருகிறது.

சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு அவருடைய மகன் காலத்தில் வந்த துப்பறியும் படங்கள், ஜெய்சங்கரின் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' ஆகியவற்றை, மாலையில் எங்கள் ஊர்ச் சிற்றுண்டியான தட்டுவடை செட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு இணையான சுகம் வேறில்லை. செட் தீரும்போது படமும் மனத்திலிருந்து தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மரபு பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால், பெரிய திரையைவிடச் சின்னத் திரையைத்தான் காட்டுவேன். தொண்ணூறுகளில் சன் தொலைக்காட்சியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற கதை வந்தபோது நான் பள்ளிச் சிறுவன். குதிரைமேல் வரும் கருப்புசாமி ஊரில் தவறு செய்பவர்களைத் தண்டிக்கிறது. அது தெய்வமா, தெய்வத்தின் வேடம் போட்ட மனிதனா என்பதுதான் கேள்வி. மந்திரி குமாரிக்கு நேர் எதிரான வழி இது. அங்கே நமக்கு எல்லாம் தெரியும். இங்கே திரையில் இருப்பவர்கள் அளவுக்குத்தான் நமக்கும் தெரியும். வாரம் ஒருமுறைதான் வந்தது என்பதே அதன் பெரிய பலம். நடுவில் கிடைத்த நாட்களில் எங்கள் தெருவில் பாவு போடும் இடத்திலும் குழாயடியிலும் எல்லோரும் துப்பறிவாளர்களானார்கள். குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் கிடா வெட்டும் எங்கள் தாத்தா, "சாமிய வெச்சு வெளையாடறாங்க, நல்லதுக்கில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாரமும் தவறாமல் பார்த்தார். அம்மாயியோ வாரத்துக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டார். முடிவு தெரிந்த அன்று அவர் ஏமாற்றமடையவில்லை. முந்தைய வாரங்களை மனத்துக்குள் ஓட்டிப்பார்த்து, "எல்லாத்தையும் நம்ம கண்ணு முன்னாலயேதான் வெச்சிருக்கறாங்க, நாமதான் பாக்கல" என்றார். அந்தத் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இருக்கக்கூடும் என்பதால் முடிவை இங்கே எழுதமாட்டேன்.

இன்றைய தினசரித் தொடர்களிலும் வேடத்துக்குக் குறைவில்லை. இறந்தவள் வேறு முகத்தோடு திரும்புகிறாள், இரட்டைச் சகோதரி திடீரென்று வந்து நிற்கிறாள். ஆனால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றால் அவர் முகத்தை மும்முறை வெட்டி வெட்டிக் காட்டி, இடி இடிக்கச் செய்து, அவரே தம் திட்டத்தை மனக்குரலில் நமக்கு முழுவதும் ஒப்பித்தும் விடுகிறார். வேடம் போட்டவரே வாசலில் நின்று தாம் வேடமிட்டிருப்பதாகத் தண்டோரா போட்டால் பார்ப்பவருக்கு என்ன வேலை மிச்சமிருக்கும்? வாரத்தில் ஆறு நாள் கதையை நீட்டியாக வேண்டிய எழுத்தாளரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் பார்க்க முடியவில்லை.

'விடாது கருப்பு' முடிந்த அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டையூசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே வந்த நான் பதினேழில் வாந்தி எடுத்தேன் என்பது தனிக்கதை. மாலையில் லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாத்தா தடுப்புக் கம்பியில் கைவைத்தபடி, என்ன நினைப்பிலோ, 'வாராய் நீ வாராய்' மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். அம்மாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏனுங்க, மூணு சுத்துச் சுத்தி வரட்டுங்களா?"

தாத்தா பாட்டை நிறுத்திவிட்டு, கம்பியிலிருந்து இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.