சீட்டுக்கட்டு படம்தானேன்னு விட்டேன், மூணு மாசம் போச்சு

காப்பிரைட் புகார்ல தூக்கின என் சீட்டு கேம் ஆப் நேத்து சாயங்காலம்தான் திரும்ப ஸ்டோர்ல வந்துச்சு. கை நடுக்கம் இப்பதான் நின்னுருக்கு, அதனால சூட்டோட சூடா எழுதிடறேன். ரம்மி, கழுதை, இருபத்தெட்டுன்னு சீட்டு கேம் பண்றவங்கள்ல நிறைய பேர் நான் பண்ண அதே தப்பைத்தான் பண்ணிட்டு இருப்பீங்க, உங்களுக்கு இன்னும் புகார் மெயில் வரல, அவ்ளோதான் வித்தியாசம்.

நான் பண்ணது இருபத்தெட்டு. காசு கீசு எதுவும் கிடையாது, நாலு பேர் ஆன்லைன்ல உட்கார்ந்து சும்மா ஆடலாம். கோடிங் எல்லாம் நானே. படம் வரைய மட்டும் எனக்கு வராது, அதனால நெட்ல பிடிச்ச ஒரு டிசைனர்கிட்ட ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். இருபத்தெட்டுக்கு 32 சீட்டு போதும், ஆனா பின்னாடி ரம்மியும் சேர்க்கலாம்னு 52, ரெண்டு ஜோக்கர், பின்பக்க டிசைன் எல்லாமே கேட்டேன். வெறும் பி.என்.ஜி ஃபைலா அனுப்பினாரு. வரைஞ்ச ஒரிஜினல் ஃபைல் எங்கன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

நாலு மாசம் நல்லா ஓடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மெயில்: காப்பிரைட் புகார் வந்திருக்கு, ஆப்பை எடுத்துட்டோம். புகார் குடுத்தது வெளிநாட்டுல சீட்டுப் படம் வரைஞ்சு விக்கிற ஒருத்தர்.

எனக்கு வந்த கோவம் இருக்கே. ராஜா ராணி ஜாக்கி படத்துக்கு யாருய்யா ஓனர்? பிரான்ஸ்ல ரூவான் ஊர்ல இருந்து இங்கிலாந்துக்குப் போயி, நூத்துக்கணக்கான வருஷமா ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் வரைஞ்ச படம் அது. ஆட்டின் (சிவப்பு இதயம்) ராஜா வாளைத் தலைக்குப் பின்னாடி பிடிச்சிருப்பார், மீசை இருக்காது. டைமண்ட் ராஜாவுக்குக் கோடாலி, பக்கவாட்டு முகம். ஸ்பேடு ஜாக்கிக்கும் ஆட்டின் ஜாக்கிக்கும் ஒத்தைக் கண்ணுதான் தெரியும். இதெல்லாம் யாரு வேணா வரையலாம், இதுல நான் நினைச்சது சரிதான்.

அந்த வேகத்துல, புகார் தப்புன்னு பதில் குடுக்கற கவுண்டர் நோட்டீஸ் ஃபார்மை ஃபில் பண்ண ஆரம்பிச்சேன். அமெரிக்காவோட டி.எம்.சி.ஏங்கற காப்பிரைட் சட்டப்படி வர்ற ஃபார்ம் அது, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி வக்கீலா இருக்கற என் ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன், அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. "டேய், அமெரிக்க கோர்ட் அதிகாரத்துக்கு ஒத்துக்கிறேன்னும் சொன்னதெல்லாம் உண்மைன்னும் கையெழுத்து போடப்போற. ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தியாடா?"ன்னு கேட்டான்.

பாக்கல. அப்பதான் பாத்தேன். புகார் குடுத்தவரோட கிளாவர் ராணி கையில இருக்கற பூவுல ஒரு இதழோட கோடு சரியா மூடாம விட்டிருக்கு, என் ராணிக்கும் அதே இதழ் அதே இடத்துல மூடல. கலர் மட்டும்தான் மாத்தியிருக்கு. பழைய டிசைன் பொதுச்சொத்துதான், ஆனா அதைப் பாத்து ஒருத்தர் உட்கார்ந்து புதுசா வரைஞ்ச கோடு அவரோடது, இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய அந்த ராத்திரி வரைக்கும் ஆச்சு. டிசைனருக்கு போன் போட்டா "ஃப்ரீன்னுதான் ப்ரோ போட்டிருந்துச்சு"ன்னாரு. அந்தப் பக்கத்தைத் தேடிப் பாத்தேன், சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஃப்ரீன்னு இருக்கு. அதுக்கப்புறம் அவர் போனே எடுக்கல, ஆறாயிரமும் போச்சு.

பின்பக்கத்தையும் பெருசாக்கிப் பாத்தா சைக்கிள் ஓட்டற ரெக்கை வச்ச குட்டிப் பையன். பைசைக்கிள்ங்கற அமெரிக்க சீட்டுக்கட்டு பிராண்டோட ரைடர் பேக்ங்கற பின்பக்க டிசைன், நிறத்தை மட்டும் பச்சையாக்கி வச்சிருக்கு! பைசைக்கிள்ங்கற பேரு 1885லயே வந்தது, ரொம்பப் பழசாச்சே ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுடாதீங்க. காப்பிரைட்டுக்குத்தான் காலக்கெடு, ட்ரேட்மார்க்கை இங்க பத்து வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். ஸ்பேடு ஏஸும் அப்படித்தான். இங்கிலாந்துல ஒரு காலத்துல சீட்டு வரிக்கான முத்திரை அந்தச் சீட்டுல விழுந்துச்சு, அந்தப் பழக்கத்துல இன்னைக்கும் கம்பெனிங்க தங்களோட பேரையும் அடையாளத்தையும் அதுலதான் போடுறாங்க. அதனால ஸ்பேடு ஏஸை மட்டும் எங்க இருந்தும் எடுக்காதீங்க.

கவுண்டர் நோட்டீஸை விட்டுட்டு, வரைஞ்சவருக்கே மெயில் எழுதினேன், நடந்ததை மறைக்காம. படத்தை எடுத்துடறேன், புகாரை வாபஸ் வாங்குவீங்களான்னு கேட்டேன். ரெண்டே நாள்ல சரின்னுட்டார். நல்ல மனுஷன்.

இப்ப புதுப் படம் வேணும். சி.சி. ஜீரோன்னு, அதாவது வரைஞ்சவரே உரிமையை விட்டுக்குடுத்துட்டாருன்னு போட்ட சீட்டுக்கட்டு வெக்டர் படம் நெட்ல இருக்கு, அவசரம்னா அதை எடுத்துக்கோங்க, லைசென்ஸ் பக்கத்தை மட்டும் தேதியோட சேவ் பண்ணி வச்சுடுங்க. எல்.ஜி.பி.எல்.ங்கற லைசென்ஸ் போட்டதும் இருக்கு, அதுக்கு நிபந்தனை உண்டு, படிக்காம எடுக்காதீங்க. நான் ஒரு ஓவியர்கிட்ட புதுசா வரையச் சொன்னேன். நம்பர் சீட்டெல்லாம் ஒரு வாரம், ராஜா ராணி ஜாக்கி பன்னெண்டுக்கு மட்டும் ரெண்டு மாசம்.

இந்தத் தடவை அக்ரிமெண்ட் போட்டோம். காசு குடுத்துட்டா படம் நம்மளதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல, வெளியாள் வரைஞ்சா பொதுவா வரைஞ்சவர்தான் ஓனர், எழுதிக் கையெழுத்து வாங்கினாத்தான் நமக்கு மாறும். 1957 காப்பிரைட் ஆக்ட்ல செக்‌ஷன் 19ஐ தயவுசெஞ்சு ஒருக்கா படிங்க. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்தான், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். ஆப் உலகம் பூரா போகுது, நீங்க பாட்டுக்கு ஒத்தை வரியில எழுதி வாங்கிட்டு வந்தா சிங்கப்பூர்லயும் துபாய்லயும் ஆடறவங்களுக்கு உங்க பேப்பர் செல்லாது. ஒரு வருஷத்துக்குள்ள யூஸ் பண்ணலைன்னா உரிமை போயிடும்னு ஒரு பிரிவும் இருக்கு, அப்படிப் போகாதுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க.

அப்புறம் என் ஆப்புக்கு ட்ரேட்மார்க். ஒரு ஏஜெண்ட்டைப் பிடிச்சேன், அவர் "சீட்டுதானே"ன்னு எந்த வகைப் பொருளுக்குன்னு கேக்கற இடத்துல கிளாஸ் 28ன்னு போட்டுட்டார். அது கையில பிடிக்கிற சீட்டுக்கட்டுக்கு. டவுன்லோட் பண்ற கேமுக்கு கிளாஸ் 9. கேட்டா புதுசாத்தான் போடணும்ங்கறார், தனிநபர் ஃபீஸ் 4,500 ரூபாய் இன்னொரு தடவை. எனக்கு வயிறு எரிஞ்சுது. சப்மிட் பண்றதுக்கு முன்னாடி டி.எம்-ஏங்கற ட்ரேட்மார்க் விண்ணப்ப ஃபார்மை வாங்கி நீங்களே ஒரு தடவை படிச்சுடுங்க. ஆட்டத்தோட பேரை மட்டும் தனியா ட்ரேட்மார்க்குக்குக் கேக்காதீங்க, இருபத்தெட்டுங்கறது எல்லாருக்கும் பொதுவான பேரு, ட்ரேட்மார்க் சட்டத்துல செக்‌ஷன் 9ஐ காட்டி ஆட்சேபணை வரும்.

புதுப் பின்பக்க டிசைனுக்கு காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணவும் போனேன். பொருள்ல பயன்படக்கூடிய படம்னா இதே மாதிரி ட்ரேட்மார்க் எதுவும் இல்லைன்னு ட்ரேட்மார்க் ரெஜிஸ்ட்ரி குடுக்கற சர்டிபிகேட் வேணும், அது இல்லாமலே அந்த ஏஜெண்ட் அனுப்பியிருக்கார், திரும்பி வந்துச்சு. ரெஜிஸ்டர் பண்ணலைன்னாலும் காப்பிரைட் இருக்குங்கறதால அதை அப்படியே ஆற விட்டுட்டேன், அக்ரிமெண்ட் கையில இருக்கு.

நேத்து ராத்திரி பத்தரைக்கு முதல் டேபிள் நிறைஞ்சுது. நாலு பேருமே பழைய ஆளுங்க. ஒருத்தர் சாட்ல "ராணி புதுசா இருக்கே"ன்னு போட்டார்.