ஜரிகையும் தெரிய வேண்டும், பக்கமும் திறக்க வேண்டும்

இணையக் கடை மெதுவாகத் திறக்கிறது என்றால் முதலில் திட்டு வாங்குவது சர்வர்தான். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைக் கடை ஒன்றின் தளத்தைச் சரிசெய்யப் போனபோதும் அதே பேச்சுதான். "தம்பி, பெரிய சர்வராப் பார்த்து மாத்திடுங்க. என் போன்ல நல்லாத்தான் திறக்குது, வாங்குறவங்கதான் சுத்திக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்க" என்றார் உரிமையாளர். அவர் கையில் இருப்பது விலை உயர்ந்த போன். கடையில் ஃபைபர் இணைப்பு. தினமும் பார்க்கிற தளம் என்பதால் படங்களில் பாதி ஏற்கெனவே போனிலேயே சேமிப்பில் கிடக்கும். அவருக்கு ஏன் சுற்றப்போகிறது?

சர்வர் அமெரிக்காவில் இருந்தது. மும்பைக்கு மாற்றியதில் கொஞ்சம் பலன் கிடைத்தது, அவ்வளவுதான். உண்மையான சுமை முகப்புப் பக்கத்தில் இருந்தது. தானாக நகரும் பேனர்கள், அவற்றுக்குக் கீழே போட்டோகிராபர் கொடுத்த அளவிலேயே ஏற்றிய சேலைப் படங்கள், ஒவ்வொன்றும் 5, 6 எம்பி. கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் படத்துக்கும் 6000 பிக்சல் அகலக் கோப்பு முழுசாக இறங்கியது. போதாததற்கு, படங்களைத் தாமதமாக ஏற்றும் பிளக்-இன் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்று முதல் பேனரையும் சேர்த்தே தாமதப்படுத்தியது. கீழே இருக்கும் படங்கள் காத்திருக்கலாம். கண்ணில் முதலில் படுவதை எதற்குக் காக்க வைக்க வேண்டும்? அதற்கு மட்டும் விலக்கு கொடுத்து, பிரவுசரிடம் முன்னுரிமையும் கேட்டோம்.

பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், வருகைகளில் நான்கில் மூன்றிலாவது அப்படி இருக்க வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். க்ரோமில் பார்த்தவர்களின் 28 நாள் அனுபவத்தைத் திரட்டித்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். மாற்றம் செய்த மறுநாளே "மார்க் ஏறலையே" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்குவதே தனி வேலை.

படங்களைச் சுருக்குவது எளிது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். செருப்புக்கும் சார்ஜருக்கும் அது சரி. பட்டுச் சேலை வேறு விஷயம். சோதனைப் பக்கத்தைப் பார்த்ததும், கவுன்ட்டரில் பல வருடமாக நிற்கும் அக்கா ஒருவர் "இது அரக்கே இல்லைங்க, சாயம் போன மாதிரி இருக்கு" என்றார். போட்டோகிராபர் அடோபி ஆர்ஜிபி என்ற, அதிக நிறங்களை அடக்கும் முறையில் படம் தருகிறார். அந்த விவரம் கோப்புக்குள் ஒரு குறிப்பாக இருக்கும். சுருக்கும் கருவிகள் பல, இடம் மிச்சம் என்று அந்தக் குறிப்பையும் வெட்டிவிடும். பிறகு பிரவுசர் அதை இணையத்தின் வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ள, நிறம் வெளிறிவிடுகிறது. முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அப்புறம் சுருக்கினால் தொல்லை இல்லை. நிறம் மாறிப் போன சேலை திரும்பி வரும். வேகத்தில் சம்பாதித்ததைக் கூரியருக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜரிகை இன்னும் சிக்கல். இணையப் படங்களைச் சிறிதாக்கப் பயன்படும் வெப்பி (WebP) வடிவம், தரத்தைக் கொஞ்சம் விட்டுச் சுருக்கும் வழக்கமான முறையில், நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் சேமிக்கும். பட்டியலில் தெரியும் சின்னப் படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்பு உடலில் மெல்லிய தங்கப் புட்டாக்களைப் பெரிதாக்கினால் ஓரங்கள் கலங்கி நிற்கும். ஆகவே பட்டியலுக்கு வெப்பி, பெரிதாக்கிப் பார்க்க நிறத்தைக் குறைக்காத ஜேபெக் என்று பிரித்தோம். கனமான அந்தக் கோப்பு, வாடிக்கையாளர் படத்தைத் தொட்டால்தான் இறங்கும். முந்தானையையும் கரையையும் உற்றுப் பார்ப்பவர் வாங்க வந்தவர்; ஒரு நொடி பொறுப்பார்.

வடிவமைப்பில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடைக்கு வருபவர்கள் நிறத்தையும் விலையையும் சொல்லித்தான் சேலையை எடுத்துப் போடச் சொல்கிறார்கள். தளத்தில் அந்த இரண்டையும் தேடவே வழியில்லாமல் இருந்தது. இப்போது மேலேயே இருக்கின்றன. படங்களின் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்துவைத்ததில், விரல் வைக்கும் நேரத்தில் கீழே நழுவும் 'வாங்கு' பொத்தானும் இடத்தில் நின்றது.

அதிகம் வாதாடியது, பிற நிறுவனங்களிடமிருந்து வாங்கித் தளத்தில் ஒட்டிய வெளி நிரல்களுக்குத்தான். பரிசுச் சக்கரம், அரட்டைப் பெட்டி, எப்போதோ விலகிப்போன விளம்பர ஏஜென்சி விட்டுச்சென்ற கண்காணிப்பு நிரல். கடைசியாகச் சொன்னதை யார் போட்டது என்றே கடையில் எவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் "இருக்கட்டுமே, எதுக்காவது உதவும்" என்றார்கள். அது போயிற்று. அரட்டைப் பெட்டி இருந்த இடத்தில் வெறும் வாட்ஸ்அப் இணைப்பு வந்தது. பரிசுச் சக்கரத்தை மட்டும் உரிமையாளர் விட்டுக்கொடுக்கவில்லை. தீபாவளி மாதத்தில் மட்டும் சுழலும் என்று பேசி முடித்தோம்.