பால்தாம்மா

"பால்தாம்மா" என்றேன். பொய் இல்லை. ஆனால் கடைக்கு வந்த அந்த அம்மா கேட்டது, "இது சைவம்தானே தம்பி?" என்று. கேட்கும்போதே சீஸ் துண்டு வாயில் இருந்தது. குச்சியில் குத்திக் கொடுத்தவன் நான்.

தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க விரதத்தில் இருப்பதாக அவரே சொன்னார், அதுவும் தின்ற பிறகு. கழுத்தில் கிடந்த மாலையை நான் முன்பே பார்த்தேனா இல்லையா என்பது இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் தூக்கம் வருகிறது.

வினை என் கதையில்தான் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தின் லெத்திவா சீஸ், எனக்குப் பிடித்த சரக்கு. மே 10 முதல் அக்டோபர் 10 வரைதான் செய்வார்கள். மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய், கோடை முழுக்க மேலேயே தங்கி, அங்கேயே கறந்து, செம்பு அண்டாவில் விறகு மூட்டிக் காய்ச்சுவார்கள். மேயும் புல் மாறினால் ருசியும் மாறும். நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சின்ன வயதில் எஸ்டேட்டில் அவர் அப்பா மாடு வைத்திருந்தாராம். நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. பாலை உறைய வைக்க ஊற்றுவது ரென்னட். பால்குடிக் கன்றின் நாலாம் இரைப்பையிலிருந்து எடுப்பது.

கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். அதிலும் பெரும்பகுதி தெளிந்த நீரோடு வடிந்துவிடும். தெரியாமல் தின்றால் விரதம் கெடாது என்பார் என் அம்மா. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பால்குடமே வேண்டாம் என்று விட்டிருப்பாரோ என்னவோ. சரி, வாயில் போனது போனதுதான். ஆனால் வீட்டுக்கென்று இன்னொரு துண்டு வெட்டிக் கட்டிக் கொடுத்தேனே, அது எந்தக் கணக்கு?

மலாய்க்கார வாடிக்கையாளர் கேட்டால் நான் திணறுவதே இல்லை. ஹலால் முத்திரை இல்லை, கன்று ரென்னட் என்று நேராகச் சொல்லிவிடுவேன். கடையில் அதற்கு விதி இருக்கிறது. நம்ம ஆள் கேட்டபோது என்னிடம் கதைதான் இருந்தது. அப்புறம் ஒருநாள், விலை அட்டையில் 'சைவம் அல்ல' என்று போடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "யார் கேட்கிறார்கள்?" என்றார். ஒருவர் கேட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. நானே பேனாவால் எழுதி வைத்தேன். எழுத்து சின்னதுதான். கேட்காதவரிடம் இப்போதும் நானாகச் சொல்வதில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. வந்தால் என்ன சொல்வேன் என்பதைவிட, போகும்போது அவர் கேட்டதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நாலடி போனவர் நின்று திரும்பினார்.

"கன்னுக்குட்டிக்குக் கொஞ்சம் விட்டுட்டுத்தானே கறப்பாங்க, தம்பி?"

"விடுவாங்கம்மா" என்றேன்.