செய்த கணினியில் மட்டும் சரியாகத் தெரியும் பக்கங்கள்

மார்ச் 4

மல்டிமீடியா பாடத்துக்கான வெப் டிசைன் வேலைகள் முடிந்தன: ஒரு அறிமுகப் பக்கம், ஒரு புகைப்பட கேலரி, ஒரு வீடியோ பக்கம். மூன்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிறமும் அமைப்பும் பெரிய தொல்லை தருவதில்லை. செய்த கணினியை விட்டுப் பக்கம் வெளியே போகும்போதுதான் எல்லாம் உடைகிறது.

முதல் உடைப்பு கோப்புப் பெயரில். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்து, பக்கத்தின் குறியீடான ஹெச்.டி.எம்.எல்-இல் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. பக்கத்தை இணையத்தில் வழங்கும் லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறு கோப்பாகவே எடுத்துக்கொண்டு 404, அதாவது ‘கோப்பு இல்லை’ என்ற பிழை, தரும். பெயர்களில் சிறிய ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் போதும், இடைவெளியே வேண்டாம். செய்த கணினியில் மட்டுமே செல்லுபடியாகும், சி டிரைவில் தொடங்கும் முழு முகவரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று எடிட்டரில் ஒருமுறை தேடிவிட வேண்டும்.

மார்ச் 6

கேலரி. படத்தை 72 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற எண்) மாற்றினால் எடை குறையும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பிரவுசர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை; பிக்ஸல் எண்ணிக்கைதான் கணக்கு. 4000 × 3000 பிக்ஸல் படம் ஜேபெக்காக 4 எம்பி-தான் இருக்கலாம். ஆனால் முழு அளவில் விரித்தால் ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகம் பிடிக்கும். அப்படி இருபது படங்களை 300 பிக்ஸல் அகலப் பெட்டிகளில் அடுக்கினால் ஃபோன் திணறாமல் என்ன செய்யும்?

300 பிக்ஸல் பெட்டிக்கு 600 பிக்ஸல் அகலப் படம் போதும்; அடர்த்தி கூடிய திரையிலும் கூர்மையாகவே இருக்கும். பெரிய படத்தைக் கிளிக் செய்யும்போது மட்டும் அழைக்கலாம். ஒவ்வொரு இமேஜ் டேகிலும் அகலம், உயரம் இரண்டையும் எழுதுவது கட்டாயம். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ள வரிகள் குதிக்கும். படிப்பவர் தொடப் போன லிங்க் விரலுக்கு அடியிலிருந்து நகர்ந்துவிடும்.

அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் தயாரித்த படத்தை அப்படியே ஏற்றக் கூடாது. திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற முறைக்கு மாற்றாவிட்டால் நிறம் பிசகும்.

மார்ச் 9

மூன்றில் அதிகம் கற்றுத் தந்தது வீடியோ பக்கம்தான். கணினியில் உடனே ஓடும் எம்பி4 வீடியோ கோப்பு, சர்வரில் ஏற்றியதும் ஆரம்பிக்கவே தாமதிக்கும். இணைய வேகத்தைக் குறை சொல்வதற்கு முன் கோப்பின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4-க்குள் ‘மூவ்’ என்ற பகுதியில் இருக்கிறது. பல எடிட்டிங் மென்பொருள்கள் அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. அது கைக்கு வராமல் பிரவுசரால் ஓட்ட முடியாது. அதைத் தேடிக் கடைசிவரை போய் வர வேண்டியிருக்கும், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் தர சர்வர் ஒத்துழைக்காவிட்டால் முழுக் கோப்பும் இறங்க வேண்டும். வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ கட்டத்தை டிக் செய்தால் அட்டவணை முன்னுக்கு வந்துவிடும். கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக்கில் அதற்கு ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற ஃபிளாக் உண்டு. அதில் வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமலே முடித்துவிடலாம்.

எடைக்கும் கணக்கு இருக்கிறது. 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) பிட்ரேட்டில் ஏற்றுமதி செய்த 2 நிமிட வீடியோ 75 எம்பி. பேட்டி போல அசைவு குறைந்த காட்சிக்கு அதில் பாதி பிட்ரேட் போட்டுப் பார்த்து, கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தால் மட்டும் பிட்ரேட்டைக் கூட்டலாம்.

தானாக ஓடும் பின்னணி வீடியோவுக்கு ‘ஆட்டோபிளே’ மட்டும் எழுதினால் பிரவுசர்கள் தடுத்துவிடும். கூடவே ‘மியூட்டட்’ வேண்டும். ஐஃபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓட ‘பிளேஸ்இன்லைன்’ வேண்டும்.

மார்ச் 10

சப்டைட்டில். எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பின் பெயரைப் பிரவுசருக்கு வேண்டிய விடிடி என்று மாற்றினால் மட்டும் வேலைக்காகாது. முதல் வரியில் ‘வெப்விடிடி’ என்ற சொல் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும்; மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி போய்ப் புள்ளி வர வேண்டும்: 00:00:04.500. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகும்.

மார்ச் 13

ஃபாண்ட். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்-இல் ஃபாண்டின் பெயர் எழுதியாயிற்று, திரையில் அழகாக வருகிறது. அந்த ஃபாண்ட் இந்தக் கணினியில் ஏற்கெனவே நிறுவியிருப்பதால் வருகிறது. வேறொரு கணினியில் வராது. உரிமம் அனுமதிக்கும் ஃபாண்டை டபிள்யுஓஎஃப்எஃப்2 என்ற இணைய ஃபாண்ட் வடிவில் பக்கத்தோடு சேர்த்து ஏற்ற வேண்டும். தடித்த எழுத்துக்குப் பொதுவாகத் தனிக் கோப்பு தேவை. இல்லையென்றால் சாதா எழுத்தையே பிரவுசர் செயற்கையாகத் தடிக்க வைக்கும்; சிறிய அளவில் ‘ஐ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

தமிழுக்கு வரி உயரம் 1.6-க்குக் கீழே போனால் மேல் வரியில் கீழே இறங்கும் பகுதியும் (‘கு’, ‘சு’ போல) கீழ் வரியில் மேலே எழும் பகுதியும் (‘கி’, ‘கீ’ போல) நெருக்குகின்றன. பட்டனுக்கு நிலையான அகலம் கொடுப்பதையும் தவிர்க்கலாம். ‘தொடர்புக்கு’ அடங்கும் இடத்தில் ‘விண்ணப்பிக்கவும்’ அடங்காது. பேடிங் (சொல்லைச் சுற்றிய உள் இடைவெளி) கொடுத்தால் சொல்லுக்கு ஏற்ப விரியும்.

வெள்ளைப் பின்னணியில் #999 சாம்பல் எழுத்து பார்க்க நளினமாக இருக்கும், படிக்க முடியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய 4.5:1 ஒளி வேறுபாட்டை #767676 தான் எட்டுகிறது.

மார்ச் 15

ஃபோனில் பக்கம் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால், ஏதோ ஒரு பெட்டி திரையைத் தாண்டி நிற்கிறது. பெரும்பாலும் 100% அகலத்தோடு இருபுறமும் 20 பிக்ஸல் பேடிங் சேர்ந்து 40 பிக்ஸல் கூடியிருக்கும். ‘பாக்ஸ்-சைஸிங்’ மதிப்பை ‘பார்டர்-பாக்ஸ்’ ஆக்கினால் பேடிங்கும் அந்த அகலத்துக்குள் அடங்கித் தீர்ந்துவிடும். எந்தப் பெட்டி என்று பிடிபடாவிட்டால் எல்லா உறுப்புகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு ‘அவுட்லைன்’ போட்டுப் பார்க்கலாம். ‘பார்டர்’ போடக் கூடாது. அது இடம் பிடித்து அமைப்பையே நகர்த்திவிடும்.